கில்மோர், ட்ராஸ்க் என்னும் இரு துப்பறிவாளர்கள்



கடந்த வாரத் தவக்காலத் தியானத்தில் சக்கேயுவைப் பற்றிப் பேசியபோது 'ஸ்பைடர்' என்ற பெயரைச் சொல்லிவிட்டு, நேரமின்மையால் அப்படியே நிறுத்திவிட்டேன். செபம் முடிந்து வெளியே வந்ததும், ஐம்பதை நெருங்கும் மூன்று குடும்பத்தலைவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஃபாதர், நீங்களும் லயன் காமிக்ஸ் வாசிச்சனீங்களோ?" என்று ஒருவர் கேட்டார். அவருடைய மகள் அருகில் நின்று, அப்பா எதற்காக இப்படி மகிழ்கிறார் என்று விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் விட்ட பேச்சை முடித்துவைக்கவே இதை எழுதுகிறேன். சற்று நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எமது இளைஞர் மன்றத்தைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் எனக்கு ஒரு தடித்த காமிக்ஸ் தொகுதியைத் தந்தார். 'கோதம் சென்ட்ரல்' என்பது அதன் பெயர். எட் புரூபேக்கரும் கிரெக் ரக்காவும் எழுதி, மைக்கேல் லார்க் சித்திரம் தீட்டத் தொடங்கிய இத்தொடர், 2003க்கும் 2006க்கும் இடையில் நாற்பது இதழ்களாக அமெரிக்காவில் வெளிவந்தது. களம் பேட்மேனின் நகரம். எனினும் பேட்மேன் இதில் நாயகன் அல்லன். பக்கங்களின் ஓரத்தில், இருளில், எப்போதாவது தோன்றி மறைகிறான். கதை முழுவதும் அந்நகரத்துத் துப்பறிவாளர்களைச் சுற்றியே நடக்கிறது. கசந்த கோப்பியும் முடியாத பணிமுறையும் வீட்டில் காத்திருக்கும் மனைவியும் சக ஊழியரின் பொறாமையுமாக வாழும் சாதாரண மனிதர்கள் அவர்கள். பறக்கவும் சுவரேறவும் தெரிந்தவர்கள் உலாவும் ஊரில், ஒரு கைத்துப்பாக்கியையும் குறிப்புப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு குற்றங்களைத் துலக்க முயல்கிறார்கள்.

அதில் ஒரு விவரம் என்னை விட்டு அகல மறுக்கிறது. பேட்மேனை அழைப்பதற்காகக் காவல் தலைமையகத்தின் கூரையில் பெரிய விளக்கொன்று இருப்பதை அறிவீர்கள். ஆனால் முகமூடி அணிந்த ஒருவனின் உதவியை நாடுவதாகப் பொலிஸ் திணைக்களம் சட்டப்படி ஒப்புக்கொள்ள முடியாது. ஆகவே சீருடை அணிந்த எவரும் அந்த விளக்கைத் தொடக்கூடாது. அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் தற்காலிகப் பணியாளரான ஸ்டேசி என்ற பெண்தான் ஒவ்வொரு முறையும் கூரைக்குச் சென்று அதை எரியவிடுகிறாள். முதல் கதையில் ஒரு துப்பறிவாளர் கொல்லப்படுகிறார். எங்கள் தோழனைக் கொன்றவனை நாங்களே பிடிப்போம், பொழுது சாய்வதற்குள் பிடித்துவிட்டால் அந்த விளக்கு தேவைப்படாது என்று மற்றவர்கள் பகல் முழுவதும் அலைகிறார்கள். பொழுது சாய்கிறது. விளக்கை எரிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் அவர்கள் முகங்களில் உள்ள அவமானத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அமானுட நாயகரையும் பொலிசையும் இப்படிக் கலந்தது புதுமை, ஃபாதர்" என்றார் அந்த மாணவர். அதற்குச் சற்று முன், 2000ஆம் ஆண்டில், பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதி மைக்கேல் ஏவன் ஓமிங் வரைந்த 'பவர்ஸ்' என்ற தொடரும் தொடங்கியதாம். அதில் வரும் துப்பறிவாளர் ஒருவர் முன்பு அமானுட ஆற்றல் பெற்றிருந்து பின்னர் அதை இழந்தவர். (அது சிறுவர்களுக்கு உரியதன்று. பெற்றோர் கவனிக்க.) அவர் சொன்னதைத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டேன். ஆனால் என் மனத்தில் வேறு இருவர் வந்து நின்றுவிட்டார்கள். கோட்டும் தொப்பியும் அணிந்து, எப்போதும் ஒரு நிமிடம் பிந்தி ஓடி வருகின்ற கில்மோர், ட்ராஸ்க்.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நெற்றியில் கூராக இறங்கும் கறுத்த முடி, கூர்ந்த செவிகள், இறுக்கமான கறுப்பு உடை, முதுகில் வலை துப்பாக்கிக்கான சாதனங்கள், வானில் செல்ல ஒரு ஹெலிகார்: இவைதாம் ஸ்பைடர். சிலந்தி கடித்து வல்லமை பெற்ற அமெரிக்க இளைஞனோடு இவனைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இவன் குற்றவாளிகளின் அரசனாக முடிசூட விரும்பிய கள்வன். பெட்டகம் உடைப்பதில் வல்ல ரோய் ஓர்டினியையும் விஞ்ஞானி பெல்ஹாம் என்பவரையும் கையாட்களாக்கிக்கொண்டு நியூயோர்க் நகரைக் கொள்ளையடிக்கிறான். ஸ்கொட்லாந்துக் கோட்டை ஒன்றைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுபோய் அமெரிக்காவில் நிறுத்தி அதில் குடியிருக்கிறான். இவனைப் பிடிப்பதற்கு நியமிக்கப்பட்டவர்களே துப்பறிவாளர் பொப் கில்மோரும் பீற் ட்ராஸ்கும்.

கதை நியூயோர்க்கில் நடந்தாலும் அது பிறந்த இடம் லண்டன். பிளீட்வே நிறுவனம் வெளியிட்ட 'லயன்' என்ற ஆங்கில வார இதழில் 1965 ஜூன் மாதத்தில் அது தொடங்கியது. டெட் கோவன் எழுத, ரெஜ் பன் வரைந்தார். சிறிது காலத்தில் எழுத்துப் பொறுப்பை ஏற்றவர் ஜெரி சீகல். 1938இல் ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனை உலகுக்குத் தந்தவர் அவரே. அந்த உரிமையை 130 டொலருக்கு விற்றுவிட்டு வாழ்நாளெல்லாம் வழக்காடிய அந்த மனிதர், உலகின் மிக நல்ல நாயகனைப் படைத்த கையால் ஒரு திருடனின் கதையை லண்டன் சிறுவர்களுக்கு எழுதிக்கொடுத்தார்.

சென்ற பெப்ரவரி 3ஆம் திகதி, புனித பிளேசியார் திருநாளன்று, தொண்டை ஆசீர் பெறுவதற்காக ஈலி பிளேசில் உள்ள புனித எதல்ரெடா ஆலயத்துக்குப் போயிருந்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அந்தச் சிற்றாலயத்தை இன்னும் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்வாருங்கள். திருப்பலிக்குப் பின் ஹோபன் மேம்பாலத்தின் கீழாக ஃபாரிங்டன் வீதிக்கு நடந்தேன். பிளீட்வே ஹவுஸ் இருந்தது அந்த வீதியில்தான். அந்த வழியாக விரைந்து சென்ற அலுவலர்களுக்கு நடுவில் கழுத்துப்பட்டி அணிந்த குருவானவர் ஒருவர் எதையோ தேடுபவர்போல் நின்றதைக் கண்டவர்கள் என்ன எண்ணினார்களோ. இங்கிருந்து புறப்பட்ட சித்திரங்கள் கடல் கடந்து சிவகாசிக்குப் போய்த் தமிழ் கற்றுக்கொண்டன. அங்கே முத்து காமிக்ஸ் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கியது. மாயாவியும் லண்டன் பிறப்புத்தான். 1962 ஒக்டோபரில் 'வேலியண்ட்' இதழில் கென் புல்மரின் எழுத்திலும் ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகையிலும் தோன்றிய லூயிஸ் கிராண்டேல் அவர். அவரும் முதலில் குற்றவாளியாகவே அறிமுகமானவர் என்பதைத் தமிழ் வாசகர்கள் பலர் மறந்துவிட்டார்கள். 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் பிறந்தது. அதே ஆண்டில் 'எத்தனுக்கு எத்தன்' என்ற பெயரில் ஸ்பைடர் தமிழுக்கு வந்தான். அவன் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. அட்டை கிழிந்து, நடுப்பக்கங்கள் தளர்ந்து, எட்டுப் பேரின் கைபட்டு வந்து சேர்ந்தான்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நாங்கள் ஸ்பைடரின் பக்கம் நின்றோம். கில்மோரும் ட்ராஸ்கும் தோற்கும் ஒவ்வொரு கட்டத்திலும் எங்கள் குசினித் திண்ணையில் ஆரவாரம் எழுந்தது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். இலஞ்சம் வாங்கியவர்கள் அல்லர். எவரையும் அடித்து வாக்குமூலம் பெற்றவர்களும் அல்லர். அந்தக் கதையில் நேர்மையாக உழைத்தவர்கள் என்றால் அவர்கள்தாம். ஆயினும் அவர்கள் பொலிஸ். அது போதுமாயிருந்தது.

அந்த ஆரவாரத்தின் வேர் எங்கே என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்ல வேண்டும். 1981 மே 31ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் நடந்த தேர்தல் கூட்டமொன்றில் பொலிசார் சுடப்பட்டு இருவர் இறந்தனர். அதைத் தொடர்ந்த இரவுகளில் சீருடை அணிந்தவர்களும் அவர்களுடன் வந்தவர்களும் கடைத்தெருவுக்குத் தீயிட்டனர். ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் கொண்ட பொது நூலகம் எரிந்தது. பன்மொழிப் புலவரான எமது தாவீது அடிகளார் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார். எனக்கு அப்போது எட்டு வயது. காலையில் முற்றத்தில் கருகிய தாள் துண்டுகள் கிடந்தன. அப்பா அவற்றைக் கூட்டி அள்ளவில்லை, அம்மாவையும் கூட்டவிடவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, அதே முற்றத்தை அடுத்த திண்ணையில் இருந்துகொண்டுதான் நாங்கள் ஒரு கள்வன் பொலிசை ஏமாற்றுவதைப் படித்துச் சிரித்தோம்.

லண்டனில் 1977இல் பிறந்த இன்னொரு புகழ்பெற்ற காமிக்ஸ் பாத்திரம் ஜட்ஜ் ட்ரெட். பொலிஸ், நீதிபதி, தண்டனையை நிறைவேற்றுபவன் ஆகிய மூவரும் ஒரே ஆளாகிவிட்ட எதிர்கால நகரைக் காட்டும் அங்கதம் அது. ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு அது கற்பனை. 1979இல் பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்த ஒரு தீவில் வளர்ந்த எங்களுக்கு அதில் கற்பனை சற்றுக் குறைவுதான்.

ஸ்பைடர் பிறகு திருந்தினான் என்று சொல்வார்கள். கள்வனாயிருந்தவன் கள்வர்களை எதிர்க்கும் நாயகனானான். ரெபெல்லியன் நிறுவனம் 2021இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்த ஆங்கில மூலத்தை வாங்கி இப்போது மீண்டும் வாசித்தபோது, ஒரு குருவானவரின் கண்ணுக்கு வேறொன்று தட்டுப்பட்டது. அவன் மனம் வருந்தியதாகத் தெரியவில்லை. சாதாரணக் கொள்ளை அவனுக்குச் சலித்துவிட்டது. தன் திறமைக்கு ஈடான பகைவர்கள் வேண்டியிருந்தது. உலகின் மகா வல்லவன் தானே என்று நிறுவ வேண்டியிருந்தது. அகந்தையால் களவெடுத்தவன் அகந்தையாலேயே நன்மையும் செய்கிறான். கொள்ளையடித்த நகைகள் என்னவாயின? அவற்றைத் திருப்பிக் கொடுத்ததாக எங்கும் எனக்கு நினைவில்லை. சக்கேயுவோ மரத்திலிருந்து இறங்கியதும் முதலில் கணக்குப் பேசுகிறான். ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு என்று எண்ணைச் சொல்கிறான். எரிக்கோவில் அவனிடம் பணம் இழந்த யாரோ ஒரு கைம்பெண்ணின் கதவு அன்று தட்டப்பட்டிருக்கும். தியானத்தில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் எழுத உட்கார்ந்தபோது, ஸ்பைடரைவிட அந்த இரு துப்பறிவாளர்கள்தாம் என்னைத் தொல்லைப்படுத்துகிறார்கள். அதற்கொரு காரணம் உண்டு.

எமது சமூகத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். சென்ற ஆண்டு இரு இளைஞர்கள் அவருடைய கடையில் பல மாதங்களாகத் திருடினார்கள். முதலில் மறைவாகவும் பின்னர் வெளிப்படையாகவும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மாலை அவர் தடுத்தபோது தள்ளிவிட்டதில் மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போன நான், பொலிசில் முறைப்பாடு செய்தீர்களா என்று கேட்டேன்.

"வேண்டாம் ஃபாதர். விடுங்கோ."

"ஏன் அண்ணை? இது லண்டன்."

"லண்டன் எண்டா என்ன, பொலிஸ் பொலிஸ்தானே."

அவர் சொன்னதை முழுவதும் மறுக்க என்னால் முடியவில்லை. 1993இல் எல்தத்தில் கொல்லப்பட்ட ஸ்டீஃபன் லோரன்ஸ் என்ற கறுப்பின இளைஞனின் வழக்கை ஆராய்ந்த மக்ஃபர்சன் அறிக்கை, இந்நகரின் பொலிஸ் சேவையில் நிறுவனமயப்பட்ட இனவாதம் இருப்பதாக 1999இல் அறிவித்தது. அதை நாம் மறக்கலாகாது. ஆயினும் முறைப்பாடு செய்யாமல் விட்டால் நாளை அந்த இளைஞர்கள் இன்னொரு கடைக்குப் போவார்கள். இரண்டு வாரங்கள் சொல்லிச் சொல்லி, என்னுடன் வருவதென்றால் போகிறேன் என்ற அளவுக்கு அவரைக் கொண்டுவந்தேன்.

பொலிஸ் நிலையத்தின் வாசலில் அவர் நின்றுவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவையே பார்த்தபடி நின்றார். அறுபது வயதைத் தாண்டியவர். நான் ஒன்றும் பேசவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு அவரே கதவைத் தள்ளினார்.

வாக்குமூலம் பெற்றவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் அதிகாரி. களைத்த முகம். மேசையில் ஆறிப்போன தேநீர். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முதலில் கேட்டார். பிறகு எமது நண்பரின் நீண்ட தமிழ்ப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லி, பிழை வந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டு, மறுபடி எழுதினார். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எந்தத் தட்டின் அருகில், எந்தக் கையால் தள்ளினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரண்டு மணிநேரம் சென்றது. எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டி, திருத்தம் உண்டா என்று கேட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வாங்கினார். பதிவு இலக்கமொன்றைக் கொடுத்தார். பிடித்துவிடுவோம் என்று அவர் சொல்லவில்லை. முயற்சி செய்வோம் என்றார். கடைக் கமராவில் முகம் தெளிவாக இல்லாவிட்டால் கடினம் என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

அந்த அறையில் இருந்தபோதுதான் எனக்குக் கில்மோரும் ட்ராஸ்கும் நினைவுக்கு வந்தார்கள். வலை துப்பாக்கியும் இல்லை, ஹெலிகாரும் இல்லை. அடுத்த வாரமும் தோற்கப்போகிறோம் என்று ஓரளவு தெரிந்தே கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள். பதினொரு வயதில் நான் எள்ளி நகையாடியது இவர்களைத்தான்.

அந்த அதிகாரி இரண்டு முறை கடைக்கு வந்துபோனார். அயல் கடைக்காரர்களிடம் விசாரித்தார். கமராவில் முகம் தெளிவாக இல்லை. நான்கு மாதங்களின் பின் கடிதம் வந்தது. எமது நண்பர் அதைக் கொண்டுவந்து என்னிடம் வாசிக்கச் சொன்னார். போதிய சான்று கிடைக்காததால் விசாரணை இப்போதைக்கு நிறுத்தப்படுகிறது, புதிய தகவல் வந்தால் மீண்டும் தொடங்கப்படும், ஏமாற்றத்துக்கு வருந்துகிறோம், இதுவே அதன் சாரம். கீழே அந்தப் பெண் அதிகாரியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருந்தன.

அவரை அங்கே அழைத்துப் போனதற்காக எனக்கு வெட்கமாயிருந்தது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். இன்னொருமுறை தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன்.

பின்னர் அவர் தம் தம்பியைப் பற்றி முதன்முறையாக என்னிடம் பேசினார். பதினைந்து ஆண்டுகளாகப் பழகுகிறோம். அப்படி ஒரு தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளில் ஒரு காலை பால் வாங்கப் போன இடத்தில் பிடித்துக்கொண்டு போனார்களாம். தாயார் பதினொரு நாள் பொலிஸ் நிலையப் படியில் இருந்திருக்கிறார், முறைப்பாட்டை எழுதிக்கொள்ளச் சொல்லி. எழுதவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை. தாயார் இறக்கும்வரை ஒரு துண்டுக் கடதாசியும் வரவில்லை.

"பிடிக்கேல்லை எண்டாலும், பிடிக்கேல்லை எண்டு எழுதி அனுப்பியிருக்கினம், ஃபாதர்" என்றார்.

அந்தக் கடிதம் இப்போது அவருடைய கடையில், காசுப் பெட்டிக்கு மேலே, மடு மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. போன சனிக்கிழமை வெங்காயம் வாங்கப் போனபோது பார்த்தேன். மூலைகள் சுருளாதபடி நான்கு பக்கமும் ஒட்டுநாடா போட்டிருந்தார்.